செவன் வகைக் கிட் காரின் அடிப்பாகத்தைத் துருப்பிடிக்காமல் காப்பது: முழுமையான வழிகாட்டி

லோட்டஸ் செவன் 1957-இல் வந்தது. கொலின் சாப்மன் உருவாக்கிய அந்தக் காரைப் பலரும் பெட்டி பெட்டியாகப் பாகங்களாக வாங்கி, வீட்டு கேரேஜில் தாங்களே பூட்டி ஓட்டினார்கள்; இப்படி வாங்கிப் பூட்டும் காரைத்தான் கிட் கார் என்பார்கள். முழுக் காராக வாங்கினால் கட்ட வேண்டிய கொள்முதல் வரி, பாகங்களாக வாங்கினால் இல்லை என்பது அன்றைய பிரிட்டனில் பெரிய காரணம். 1973-இல் அந்த வரி போய் மதிப்புக் கூட்டு வரி வந்தது. அதே ஆண்டில் செவனைத் தயாரிக்கும் உரிமையும் கேட்டர்ஹாமுக்குக் கைமாறியது. வரிச் சலுகை போனாலும் தானே பூட்டும் ஆசை போகவில்லை. கேட்டர்ஹாம், 1982-இல் தொடங்கிய வெஸ்ட்ஃபீல்டு, குழாயை வாங்கி வந்து வீட்டிலேயே வெல்டிங் செய்யும் லோகாஸ்ட் என்று ஒரு பெரிய குடும்பமே இன்று இருக்கிறது. இந்த வழிகாட்டி அந்தக் குடும்பத்துக் கார்களுக்கானது.

இந்தக் கார்களில் அடிப்பாகம் என்று தனியாக ஒரு பகுதி கிடையாது. மெல்லிய எஃகுக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாக வெல்டிங் செய்த சட்டகம், அதன்மேல் ரிவெட் அடித்த அலுமினியத் தகடு, அவ்வளவுதான். சாதாரணக் காரின் உடலைத் தொழிற்சாலையில் முழுதாக மின்பூச்சுத் தொட்டிக்குள் முக்கி எடுப்பார்கள். பிரைமர் சந்து பொந்தெல்லாம் போய்ச் சேரும். கிட் காருக்கு அந்தக் குளியல் கிடைப்பதில்லை. அந்த வேலையைப் பூட்டுகிறவர் கையால் செய்ய வேண்டும். ஆனால் அவருக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது: ஒவ்வொரு குழாயும், ஒவ்வொரு துளையும், ஒவ்வொரு போல்ட்டும் ஒருமுறை அவர் கண்முன் திறந்து கிடக்கும். அந்த நேரத்தைத் தவறவிட்டால் பிறகு எத்தனை டப்பா துருத்தடுப்பு மெழுகு அடித்தாலும் ஈடாகாது.

வெளியே தெரியும் பரப்பில் வரும் துரு இந்தக் கார்களைக் கெடுப்பதில்லை. அதைப் பார்த்துச் சுரண்டி எடுத்துவிடலாம். கெடுப்பது குழாய்க்குள் வரும் துரு, தகடும் குழாயும் ஒட்டும் இடுக்கில் வரும் அரிப்பு, போல்ட்டைச் சுற்றி இறுகும் துரு. ஆகவே கார் முடிந்ததும் அடியில் கறுப்புத் தார் போன்ற பூச்சை மொத்தமாக அப்பிவிடும் வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது காய்ந்து விறைத்து எங்காவது விரிசல் விடும்; விரிசலில் புகுந்த உப்புநீர் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே பரவும்; மேலே பார்த்தால் எல்லாம் நன்றாக இருப்பதுபோல் தெரியும். கீழே சொல்லும் முறையின் ஆதாரம் இரண்டுதான்: மூடுவதற்கு முன்பே உள்ளே காப்பது; வெளியே போடுவது எதுவானாலும் அதன் ஊடாக உலோகம் கண்ணுக்குத் தெரிவதாகவும், வேண்டும்போது புதுப்பிக்கக் கூடியதாகவும் இருப்பது.

உப்பு எப்படி வேலை செய்கிறது

பிரிட்டனில் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை சாலைக்கு உப்புப் போடும் காலம். சாலைப் பரப்பின் வெப்பநிலை உறைநிலையை நெருங்கும் என்று முன்னறிவிப்பு வந்தாலே லாரிகள் கிளம்பிவிடும். சதுர மீட்டருக்குச் சுமார் 10 முதல் 20 கிராம் வரை தூவுவார்கள். செஷயரின் வின்ஸ்ஃபோர்டு சுரங்கத்திலிருந்து வரும் பாறை உப்பு வெள்ளையாக இருக்காது, பழுப்பாக இருக்கும். அதில் களிமண் கலந்திருக்கிறது. அந்தக் களிமண் சட்டகத்தின் மூலைகளில் அப்பிக்கொண்டு உப்பையும் ஈரத்தையும் விடாமல் பிடித்து வைத்திருக்கும்.

உப்புக்கு மழை தேவையில்லை. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினாலே காய்ந்து கிடக்கும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தானே கரைசலாகிவிடும். பிரிட்டனின் குளிர்கால கேரேஜில் அந்த அளவு வெகு சாதாரணம். கதவைச் சாத்தி வாரக்கணக்கில் நிறுத்தியிருக்கும் காரிலும் துரு ஏறுவது இதனால்தான். கடலோர ஊரில், சாரல்கூடப் படாத ஜன்னல் கம்பி துருப்பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, இரண்டு உலோகங்கள் சேர்வதால் வரும் அரிப்பு. எஃகும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டபடி இருக்க, நடுவில் உப்புநீர் புகுந்தால் அங்கே ஒரு சின்ன மின்கலம் உண்டாகிறது. அதில் கரைவது அலுமினியம். முதலில் ரிவெட்டைச் சுற்றி பெயிண்ட் குமிழ்விடும். சுரண்டினால் வெள்ளைப் பொடி வரும். அந்தப் பொடிக்கு உலோகத்தைவிட இடம் அதிகம் வேண்டும், ஆகவே தகட்டைக் குழாயிலிருந்து தூக்கும். தூக்கிய இடைவெளியில் சேறு தங்கும். அதன் பிறகு எஃகின் முறை.

பவுடர் கோட்டிங்கை, அதாவது தூளாகத் தூவிச் சூளையில் உருக்கி ஒட்டவைக்கும் பூச்சை, மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு டிவிஆர் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் 1990-களின் கிரிஃபித், கிமேரா கார்களே சாட்சி. அவற்றின் குழாய்ச் சட்டகமும் பவுடர் கோட்டிங் செய்ததுதான். சட்டகத்திலிருந்து இருபுறமும் கை நீட்டும் அவுட்ரிகர் குழாய்கள் பூச்சுக்கு அடியில் துருப்பிடித்துப் போவது அந்தக் கார்களின் தீராத நோய். மேலே ஃபைபர் உடல் உட்கார்ந்திருப்பதால் குழாயின் மேற்பக்கத்தைப் பார்க்கவே முடியாது; சரியாகப் பழுதுபார்க்க உடலைத் தூக்க வேண்டியிருக்கும்.

சட்டகம் வந்ததும் செய்ய வேண்டியது

பூட்டத் தொடங்கும் ஆவலைக் கொஞ்சம் அடக்கிவிட்டு, சட்டகத்தை இரண்டு மரக்குதிரைகள்மேல் வைத்து நல்ல டார்ச் லைட்டோடு ஒரு சுற்று வாருங்கள். பவுடர் கோட்டிங் மின்னேற்றத்தால் ஒட்டுவது. ஆழமான உள்மூலைகளில் மின்புலம் நுழையாது என்பதால் நான்கைந்து குழாய்கள் கூடும் இடங்களின் உள்ளிடுக்கில் பவுடர் மெலிந்தே இருக்கும். அதுபோல வெட்டிய பிளேட்டுகளின் கூர் விளிம்பிலும் பூச்சு நிற்காது, சூளையில் உருகும்போது விளிம்பை விட்டு விலகிவிடும். ஆக்சிஜன் கொண்டு லேசரில் வெட்டிய பிளேட் என்றால் விளிம்பில் ஒரு ஆக்சைடு படலமும் இருக்கும். அதன்மேல் ஒட்டிய பூச்சு பின்னாளில் ஓடாகக் கழன்று வரும். சஸ்பென்ஷன் பிராக்கெட்டுகளின் உட்புறம், போல்ட் துளைகளின் சுவர், புஷ் (இணைப்பில் அதிர்வைத் தாங்கும் உருளை) உட்காரும் குழாய்களின் வாய் இவற்றில் பெரும்பாலும் வெறும் எஃகே தெரியும்.

இந்த இடங்களைச் சாம்பல் நிற ஸ்காட்ச் பிரைட் தேய்ப்புப் பட்டை கொண்டு லேசாகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, இரண்டு பாகம் கலக்கும் எபாக்சி பிரைமரை நுனி பிரஷால் தொட்டு வையுங்கள். ஸ்பிரே வேண்டாம், மூலைக்கு பிரஷ்தான் சரி. பிரைமர் காய்ந்த பிறகு அதே நிறத்தில் ஒரு மேல்பூச்சு. பொறுமையாகச் செய்தால் ஒரு மாலை வேலை.

சட்டகத்தை நீங்களே வெல்டிங் செய்கிறீர்கள் என்றால், அதாவது 25 மி.மீ. சதுரம், 1.6 மி.மீ. சுவர் கொண்ட குழாயில் லோகாஸ்ட் வகை, பூச்சைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. என் ஓட்டு பவுடருக்கு இல்லை, பெயிண்டுக்கு. மணல் வீச்சில் பளிச்சென்று சுத்தம் செய்து, அன்றே எபாக்சி பிரைமர், அதன்மேல் இரண்டு பாக பெயிண்ட். பவுடர் கடினமானது, அழகானது. ஆனால் கல் பட்டுச் சின்னதாக உடைந்துவிட்டால் ஈரம் அதன் அடியில் ஊர்ந்து போய்க்கொண்டே இருக்கும், உங்களால் அதை ஒட்டுப்போட முடியாது. பெயிண்டை எந்த ஞாயிற்றுக்கிழமையும் தொட்டுச் சரிசெய்யலாம். பவுடர்தான் வேண்டும் என்றால் அடியில் துத்தநாகம் கலந்த எபாக்சி பவுடர் பிரைமர் போடச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். இரண்டு அடுக்குக்கும் ஒரு அடுக்குக்கும் ஆயுளில் நல்ல வித்தியாசம் உண்டு. இரண்டு பாக பெயிண்டில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் இருக்கும். சாதாரண முகமூடி அதைத் தடுக்காது. வெளிக்காற்று ஊட்டும் முகக்கவசம் இல்லாதவர் அந்த ஸ்பிரே வேலையைக் கடையில் கொடுப்பதே நல்லது.

சூடான துத்தநாகத்தில் முக்கி எடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. லோட்டஸ் 1980 வாக்கில் தன் முதுகெலும்பு வகைச் சட்டகங்களை அப்படிச் செய்யத் தொடங்கி நல்ல பலன் கண்டது. ஆனால் அது தடித்த தகட்டால் ஆன எளிய வடிவம். செவனின் மெல்லிய குழாய்கள் 450 டிகிரி செல்சியஸ் துத்தநாகத்தில் நெளிந்துவிடும். அதைவிட முக்கியமாக, காற்றுத் துளை இல்லாமல் அடைபட்ட குழாயை அந்தத் தொட்டியில் முக்கினால் உள்ளே உள்ள ஈரம் ஆவியாகி வெடிக்கும். வேண்டாம்.

துளையும் ரிவெட்டும்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

நன்றாக வெல்டிங் செய்த குழாய் எல்லாப் பக்கமும் மூடியது. உள்ளே இருக்கும் கொஞ்சம் ஆக்சிஜன் ஒரு மெல்லிய துருப் படலத்தோடு தீர்ந்துவிடும். அதன் பிறகு அந்தக் குழாய் உள்ளிருந்து துருப்பிடிக்காது. அந்த மூடிய குழாயில் நாமேதான் துளை போடுகிறோம். தரைத் தகடு, பக்கத் தகடு, டிரான்ஸ்மிஷன் டனல் மூடி, பிரேக் பைப் கிளிப், வயர் கிளிப் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு துளை. ஒவ்வொரு துளையும் குழாய்க்குள் தண்ணீர் போக ஒரு வாசல். போதாக்குறைக்கு, டிரில் செய்யும்போது விழும் எஃகுச் சீவல் குழாயின் அடியில் தங்கி, ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்; முதலில் துருப்பிடிப்பதும் அதுவே.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். தகட்டை அதன் இடத்தில் கிளாம்ப் போட்டுப் பிடித்து, எல்லாத் துளைகளையும் ஒரே நேரத்தில் டிரில் செய்யுங்கள். துளையில் தற்காலிக கிளெக்கோ பின் மாட்டினால் தகடு நகராது. பிறகு தகட்டைக் கழற்றுங்கள். இந்தக் கழற்றுதலைத்தான் பலர் தவிர்க்கிறார்கள்; தவிர்க்காதீர்கள். தகட்டிலும் குழாயிலும் துளையின் பிசிறை நீக்குங்கள். குழாய்க்குள் விழுந்த சீவலைக் காந்தக் கம்பியாலும் வாக்குவம் கிளீனராலும் முடிந்தவரை எடுங்கள். துளையின் வெட்டு விளிம்பில் வெறும் எஃகு பளபளக்கும். ஒரு பல்குச்சியைப் பிரைமரில் தோய்த்து ஒவ்வொன்றையும் தொடுங்கள். காய விடுங்கள்.

இப்போது தகடும் குழாயும் நேரடியாகத் தொடாதபடி நடுவில் ஒன்று வேண்டும். பாலியுரேதேன் சீலன்ட், உதாரணமாக சிக்காஃப்ளெக்ஸ் 221, குழாய் நெடுகிலும் மெல்லிய கோடாக இட்டுத் தகட்டை வைத்து அழுத்தினால் ஓரங்களில் கொஞ்சம் பிதுங்கி வர வேண்டும். பிதுங்கி வந்தால்தான் உள்ளே இடைவெளி இல்லை என்று பொருள். பிதுங்கியதை விரலால் வழித்து ஓரத்தைச் சரிவாக்குங்கள், தண்ணீர் தேங்காது. பின்னாளில் கழற்ற வேண்டிய தகடு என்றால் சீலன்ட்டுக்குப் பதில் டியூராலாக் போன்ற ஒட்டாத இணைப்புப் பசை. மஞ்சள் நிற டியூராலாக்கின் பழைய கலவையில் பேரியம் குரோமேட் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. கையுறை அவசியம், காய்ந்ததைத் தேய்த்துத் தூசியாக்கக் கூடாது. வினிகர் வாசனை அடிக்கும் குளியலறை சிலிகானை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம். அந்த வாசனை அசிட்டிக் அமிலம்; காய்வதற்குள் எஃகையும் அலுமினியத்தையும் அரிக்கத் தொடங்கிவிடும்.

ரிவெட்டிலும் வித்தியாசம் உண்டு. சாதாரண அலுமினிய பாப் ரிவெட்டின் நடுத்தண்டு எஃகு. இழுத்ததும் தண்டு உடைந்து, அதன் தலை ரிவெட்டுக்குள்ளேயே தங்கிவிடும். ஒரு குளிர்காலம் கழித்து ரிவெட் நடுவிலிருந்து பழுப்புக் கோடு ஒழுகுவது அதனால்தான். தரைக்கும் வெளிப்புறத்துக்கும் முனை மூடிய சீல்டு ரிவெட் வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் தண்ணீர் ரிவெட்டின் ஊடாகக் குழாய்க்குள் போகாது. ஒவ்வொரு ரிவெட்டையும் சீலன்ட்டில் தோய்த்து ஈரமாகவே அடியுங்கள். கை அழுக்காகும், துடைக்கத் துணி நிறைய வேண்டும். இதைச் செய்த காருக்கும் செய்யாத காருக்கும் உள்ள வேறுபாடு பத்து ஆண்டு கழித்துத் தரைத் தகட்டின் ஓரத்தில் தெரியும்.

குழாயின் உள்ளே மெழுகு

ரிவெட் எல்லாவற்றையும் அடித்து முடித்துவிடாதீர்கள். ஒவ்வொரு கீழ்க்குழாயிலும் இரண்டு முனைகளுக்கு அருகில் ஒவ்வொரு துளையைத் திறந்தே வையுங்கள். சீலன்ட் முழுதாகக் காய்ந்த பின், அந்தத் துளைகள் வழியாகக் குழாய்க்குள் மெழுகு செலுத்த வேண்டும். வரிசை மாறக் கூடாது: முதலில் மெழுகு அடித்தால் அது கசிந்து தகடு ஒட்ட வேண்டிய பரப்பில் படர்ந்துவிடும், பிறகு சீலன்ட் ஒட்டாது. வெல்டிங்கோ பவுடர் சூளையோ பாக்கி இருக்கும்போதும் மெழுகு அடிக்கக் கூடாது, தீப்பிடிக்கும்.

குழாய் உள்ளறைக்கு என்றே விற்கும் மெழுகுகளில் டினிட்ரால் 3125, பில்ட் ஹேம்பர் டைனாக்ஸ் எஸ்-50 இரண்டும் பிரிட்டனில் எளிதாகக் கிடைப்பவை. மெலிதாக ஊர்ந்து இடுக்குகளில் பரவுவதுதான் இவற்றின் சிறப்பு. கூடவே வரும் நீண்ட பிளாஸ்டிக் குழாயின் முனை எல்லாப் பக்கமும் தூறலாக அடிக்கும். அதைக் கடைசி வரை உள்ளே விட்டு, அழுத்தியபடி மெல்ல வெளியே இழுங்கள். டப்பாவை முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் மெழுகு இளகும். இடமும் 15 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருப்பது நல்லது. எஞ்சின் இல்லாத செவன் சட்டகத்தை இரண்டு பேர் தூக்கிச் சாய்க்கலாம். முன்னும் பின்னுமாக, பக்கவாட்டிலும் சாய்த்து வையுங்கள்; மெழுகு எல்லாச் சுவரையும் நனைக்கும். மிச்சம் வடிய ஒரு இரவு விட்டுவிட்டு, மறுநாள் அந்தத் துளைகளையும் ரிவெட் அடித்து மூடுங்கள்.

மெழுகு செலுத்த வேண்டும் என்பதற்காகச் சட்டகத்தில் புதிதாகத் துளை போடாதீர்கள். துளை இல்லாத குழாய் ஏற்கெனவே பாதுகாப்பாக இருக்கிறது. சுமை தாங்கும் மெல்லிய குழாயில் தேவையற்ற துளை அதன் பலத்தையும் குறைக்கும். தயாரிப்பாளர் கீழ்ப்புறம் வடிகால் துளை விட்டிருந்தால் அதை மெழுகு அடைத்துவிடாமல் ஒரு கம்பியால் குத்தித் திறந்து வையுங்கள்.

போல்ட்டுகள்

சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்ஷுக்கு நடுவே ஒரு எஃகுக் குழல் உண்டு. போல்ட் அதன் வழியாகப் போகும். போல்ட்டும் குழலும் சேர்ந்து துருப்பிடித்து ஒன்றாகிவிட்டால், பிறகு கழற்ற ரம்பம்தான் துணை. முன் சக்கரத்தைச் சட்டகத்தோடு இணைக்கும் கீழ் விஷ்போன் கை, பின் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் டி டியான் குழாயை இழுத்துப் பிடிக்கும் கைகள், அதே குழாயைப் பிடிக்கும் ஏ வடிவ ஏ-ஃபிரேம் இவற்றில் இது அடிக்கடி நடக்கிறது. சக்கரம் வாரி இறைக்கும் தண்ணீர் நேராக அங்கேதான் விழுகிறது.

போல்ட்டின் வழவழப்பான தண்டிலும் குழலின் உட்புறத்திலும் தண்ணீருக்குக் கரையாத மெரைன் கிரீஸ் தடவி மாட்டுங்கள். மரையில் கிரீஸ் பட்டால் அதே டார்க்கில் (முறுக்கு விசையில்) போல்ட் கூடுதலாக இழுபடும். ஆகவே மரையைத் துடைத்துவிடுங்கள், அல்லது கிரீஸ் பூசிய மரைக்குத் தயாரிப்பாளர் தந்த டார்க் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். செம்பு கலந்த கிரீஸ் எஃகுக்குச் சரி. அலுமினியம் தொடும் இடத்தில் அது உப்புநீரோடு சேர்ந்து அரிப்பைக் கூட்டும்.

துருப்பிடிக்காது என்று ஸ்டெயின்லெஸ் போல்ட்டைச் சஸ்பென்ஷனில் போடுவது ஆபத்து. கடையில் கிடைக்கும் ஏ2-70 ஸ்டெயின்லெஸ் போல்ட் சுமார் 450 மெகாபாஸ்கல் அழுத்தத்திலேயே நீளத் தொடங்கும், 8.8 தர எஃகு போல்ட் 640 வரை தாங்கும். சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், சீட் பெல்ட் மூன்றிலும் தயாரிப்பாளர் கொடுத்த துத்தநாகம் பூசிய போல்ட்டே இருக்கட்டும். மாட்டி முறுக்கிய பின் தலைக்கும் நட்டுக்கும் மேல் மெழுகு தொட்டால் போதும். மட்கார்டு, நம்பர் பிளேட், அலங்காரத் தகடுகளுக்கு ஸ்டெயின்லெஸ் போடலாம். அது அலுமினியத்தில் உட்காரும் இடத்தில் டியூராலாக் வைக்க மறக்க வேண்டாம்.

பிரேக் பைப்புக்குச் செம்பு நிக்கல் கலவைக் குழாய் வாங்குங்கள். எஃகுப் பைப் துருப்பிடித்து வெடித்தால் உயிர் போகும் விஷயம். அந்தக் கலவைக் குழாய் அலுமினியத் தகட்டில் நேரடியாக உரசக் கூடாது. ரப்பர் உறை போட்ட கிளிப் வேண்டும்.

வெளிப்பூச்சு

காரைச் சாலையில் பதிவு செய்யும் முன் பிரிட்டனில் ஐவிஏ சோதனை, அதாவது தனித்தனி வாகனத்துக்கான அரசு அனுமதிச் சோதனை, இருக்கும். 2009-இல் பழைய எஸ்விஏ சோதனையின் இடத்துக்கு வந்தது. வெளி மெழுகை அந்தச் சோதனைக்குப் பிறகு அடியுங்கள். சோதனையாளர் வெல்டிங்கையும் நட்டுகளையும் சுத்தமாகப் பார்க்கட்டும். அவர் ஏதாவது மாற்றச் சொன்னால் மெழுகு வழித்துக்கொண்டு நிற்க வேண்டியதும் இல்லை.

கல் அடி விழும் இடங்கள் தெரிந்தவையே: முன் சக்கரத்துக்கு நேர் பின்னால் வரும் பக்கத் தகட்டின் கீழ்ப்பகுதி, பின் மட்கார்டின் முன்முகம், கீழ்க்குழாய்களின் முன்பக்கம், பின் சக்கரத்தின் முன்னுள்ள பிராக்கெட்டுகள். இங்கே மெழுகு மட்டும் போதாது. தட்டையான தகடுகளில் 200 மைக்ரான் தடிமனுள்ள நிறமற்ற பாலியுரேதேன் ஃபிலிம் ஒட்டுங்கள். பின் மட்கார்டுக்குத் தனியாகக் கல்தடுப்புத் தகடே விற்கிறார்கள், வாங்கி மாட்டுங்கள். கீழ்க்குழாய்களை ஃபிலிமால் சுற்றாதீர்கள். ஓரம் தூக்கிக்கொண்டு சேறு பிடிக்கும்.

மற்றெல்லா இடத்துக்கும் ஒளி ஊடுருவும், தேன் நிற மெழுகு. கறுப்பு மெழுகு உழைப்பில் குறைந்ததல்ல, ஆனால் அதன் அடியில் நடப்பது தெரியாது. காரை ஜாக்கில் மட்டும் விட்டுவிட்டு அடியில் போகாதீர்கள். நான்கு ஆக்சில் ஸ்டாண்டு, உறுதியான தரை. கழுவி, இரண்டு நாள் நன்றாகக் காயவிட்டு, பிரேக் டிஸ்க், காலிப்பர், பிரேக் ஹோஸ், எக்ஸாஸ்ட், பிராப்ஷாஃப்ட் (பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு), ரோஸ் ஜாயிண்ட் (சஸ்பென்ஷன் கைகளின் உருண்டை மூட்டு), எர்த் வயர் மாட்டும் இடம் எல்லாவற்றையும் பையும் மாஸ்கிங் டேப்பும் போட்டு மூடுங்கள். டிஸ்க்கில் மெழுகு பட்டால் பிரேக் பிடிக்காது. எக்ஸாஸ்ட்டில் பட்டால் புகையும், தீயும் பிடிக்கலாம். சுழலும் பிராப்ஷாஃப்டில் ஒரு பக்கம் கட்டியாக நின்றால் அதிரும். ரோஸ் ஜாயிண்டில் மெழுகு மண்ணைப் பிடித்து அதைத் தேய்க்கும். அதற்கு ரப்பர் உறைதான் காப்பு. இயற்கை ரப்பர் புஷ்ஷும் பெட்ரோலியக் கரைப்பானில் உப்பும், அதையும் மறையுங்கள். கரைப்பான் ஆவி தீப்பற்றக் கூடியது: கதவு திறந்திருக்கட்டும், ஹீட்டர் அணைந்திருக்கட்டும்.

மெல்லிய இரண்டு பூச்சு, நடுவே ஒரு நாள் இடைவெளி. தடித்த ஒரே பூச்சு தொய்ந்து வடிந்துவிடும்.

கழுவுவதும் நிறுத்துவதும்

உப்புச் சாலையில் ஓட்டி வந்த அன்றே தோட்டக் குழாயால் அடியைக் கழுவுங்கள். குளிர்ந்த தண்ணீர் போதும். பிரஷர் வாஷர் வேண்டாம். அது மெழுகைப் பிய்க்கும், பேரிங்கின் சீலைத் தாண்டித் தண்ணீரைத் தள்ளும். புல்வெளிக்குப் போடும் ஸ்பிரிங்க்ளரைக் காருக்கு அடியில் வைத்து அரைமணி ஓடவிடுவது நல்ல வழி. கீழ்க்குழாயின் மேல்முகம், பின்பக்க இழுகை பிராக்கெட்டுகளின் உட்புறம், பெட்ரோல் டேங்குக்கும் சட்டகத்துக்கும் இடைப்பட்ட தட்டு ஆகிய இடங்களில் மண் மேடாகத் தங்கும். அங்கே கையை விட்டுத் தடவிப் பாருங்கள், தண்ணீர் பட்டதும் மண் போய்விட்டதா என்று விரலுக்குத்தான் தெரியும்.

கழுவிய ஈரத்தோடு சூடான கேரேஜில் அடைப்பது குளிர்ந்த காற்றோட்டத்தில் நிறுத்துவதைவிடக் கெடுதல். வெப்பம் கூடினால் அரிப்பும் வேகமெடுக்கும். காற்றின் ஈரத்தை 55 விழுக்காடு அளவில் வைத்திருந்தால் உப்பு கரைசலாக மாறாது. அதற்கு ஈரம் உறிஞ்சும் கருவி வாங்குவதாக இருந்தால் கம்ப்ரஸர் வகையை விட்டுவிட்டு, ஈரமுறிஞ்சும் பொருளால் வேலை செய்யும் டெசிகன்ட் வகையை வாங்குங்கள்; கம்ப்ரஸர் வகை குளிர்ந்த கேரேஜில் பனி கட்டி நின்றுவிடும்.

ஆண்டுக்கு இருமுறை அடியில்

உப்புக் காலம் முடிந்து ஏப்ரல் இறுதியில் ஒருமுறை, அடுத்த உப்புக்கு முன் செப்டம்பரில் ஒருமுறை. ஏப்ரலில் பார்ப்பது, செப்டம்பரில் மெழுகைப் புதுப்பிப்பது.

பார்க்கும்போது பூச்சில் குமிழ் இருக்கிறதா என்று தேடுங்கள். பவுடர் கோட்டிங் துருப்பிடித்த இடத்தில் உரிந்து விழாது, மேலே தோல்போல நிற்கும்; நகத்தால் அழுத்தினால் நொறுங்கும். அப்படி ஒரு இடம் கிடைத்தால் மேலே பெயிண்ட் பூசி மறைக்காதீர்கள். உளியின் நுனியால் பூச்சை உரித்துக்கொண்டே போங்கள். கெட்டியாக ஒட்டிய பவுடர் வரும் வரை நிறுத்த வேண்டாம். சின்னப் பொட்டாகத் தெரிந்தது ஒரு சாண் நீளம் போகலாம். எமரி, கம்பி பிரஷ் கொண்டு பளிச்சென்று ஆக்குங்கள். குழிகளில் எஞ்சிய துருவுக்கு டியாக்ஸ் ஜெல் போன்ற துரு கரைக்கும் ஜெல் தடவி, மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்தி ஒரு இரவு விட்டால் குழியின் அடிவரை சுத்தமாகும். கழுவி, உலர்த்தி, எபாக்சி பிரைமர் இரண்டு கை, மேல்பூச்சு, மெழுகு.

குழாயின் சுவரே மெலிந்திருக்குமோ என்ற ஐயம் வந்தால் சிறிய சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள். கெட்டிக் குழாய் கணீரென்று ஒலிக்கும். உள்ளே துரு தின்ற இடத்தில் ஓசை மழுங்கும். பிரிட்டனின் ஆண்டுத் தகுதிச் சோதனையான எம்ஓடியில் சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், சீட் பெல்ட் பூட்டும் இடங்களிலிருந்து 30 செ.மீ. தொலைவுக்குள் சட்டகம் துருவால் பலமிழந்திருந்தால் தேறாது. அந்த எல்லைக்குள் ஓட்டை என்றால் தகடு வைத்து மூடும் வேலையல்ல. குழாயையே வெட்டி எடுத்துப் புதிது வைக்க வேண்டும், அதையும் வெல்டிங் தெரிந்த, சட்டகத்தை ஜிக்கில் பிடித்து வைத்துச் செய்யக்கூடிய ஒருவரிடம் கொடுங்கள்.

யாரோ பூட்டிய பழைய செவனை வாங்கி, அதன் அடி முழுக்கக் கறுப்புத் தார்ப்பூச்சு இருக்கிறது என்றால், காசு கொடுப்பதற்கு முன்பே ஒரு மூலையைச் சுரண்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். வாங்கிய பிறகு அந்தப் பூச்சை எடுத்தே தீர வேண்டும். ஹீட் கன்னை மிதமான சூட்டில் வைத்து, பிளாஸ்டிக் சுரண்டியால் ஒரு கையகலமாக எடுத்து, மிச்சத்தை ஒயிட் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடையுங்கள். சூடு காட்டும் வேலை முழுதும் முடிந்து உலோகம் ஆறிய பிறகே ஒயிட் ஸ்பிரிட் புட்டியைத் திறக்க வேண்டும், பெட்ரோல் டேங்குக்கு அருகில் ஹீட் கன் போகவே கூடாது. இந்த வேலை அலுப்பானது, சில வாரக் கடைசிகளைத் தின்றுவிடும். பூச்சு போன பின் தரைத் தகட்டின் ஓர ரிவெட்டுகளில் சிலவற்றை டிரில் செய்து எடுத்து, அந்தத் துளை வழியே குழாய்க்குள் சிறு எண்டோஸ்கோப் கேமராவை விடுங்கள். போனில் மாட்டும் மலிவான கேமரா போதும். உள்ளே ஆரஞ்சுத் தூசி மட்டும் என்றால் அதே துளை வழியாக மெழுகு செலுத்தி, புது சீல்டு ரிவெட் அடித்து மூடலாம். அடுக்கடுக்காகச் செதில் தெரிந்தால் அந்தக் குழாயைக் குறித்துக்கொண்டு, தகட்டைக் கழற்றத் தொடங்குங்கள்.